வங்கதேசத்துக்கு மகளை அனுப்பலாமா? ஓர் அம்மாவுக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் ஒரே கேள்வியை நான்கு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். விடுதியில் பாதுகாப்பு உண்டா, வார்டன் பெண்தானா, இரவில் வெளியே விடுவார்களா, ஊர் எப்படிப்பட்டது? நீட் தேர்வில் மகள் தகுதி பெற்றுவிட்டாள். ஆனால் அரசு இடம் எட்டவில்லை. இங்குள்ள தனியார் கல்லூரிக் கட்டணமோ கட்டுப்படியாகவில்லை. டாக்காவில் ஒரு மருத்துவக் கல்லூரியின் வண்ணக் கையேட்டை ஏஜென்ட் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். உங்கள் கணவர் அரை மனதாக இருக்கிறார். மகள் என்ன நினைக்கிறாள் என்பதைப் பற்றி மட்டும் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

விடுதியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை நிம்மதியாகப் படிப்பீர்கள். அங்கே படித்துவிட்டு வந்த பெண்கள் என்னிடம் சொன்ன குறைகளில், பாதுகாப்பு இல்லை என்பதைவிட, பொழுது சாய்ந்ததும் கதவைப் பூட்டிவிடுகிறார்கள் என்பதே அதிகம். "வீட்டில் அம்மா ஒருத்திதான் கேள்வி கேட்பாள் மேடம், அங்கே மூன்று பேர் கேட்கிறார்கள்" என்றாள் ஒருத்தி. மூத்த மாணவிகளை 'ஆபு' என்று அழைப்பார்கள். அக்கா என்று பொருள். அந்த ஆபுக்கள்தான் முதல் வருடத்தில் தாயும் வழிகாட்டியும். மருத்துவம் படிக்க வரும் வங்கதேச மாணவர்களில் இன்று பெண்களே பெரும்பான்மை. உங்கள் மகள் அங்கே தனித்துத் தெரியமாட்டாள்.

பெண்களுக்கென்றே கல்லூரிகளும் உண்டு. டாக்காவின் உத்தராவில் ஒன்று, சில்ஹெட்டில் ஒன்று, டாங்காயில் மாவட்டம் மிர்ஸாபூரில் குமுதினி பெண்கள் மருத்துவக் கல்லூரி. குமுதினிக்கு ஒரு கதை இருக்கிறது. ரணதா பிரசாத் சாஹா சிறுவனாக இருந்தபோதே அவருடைய தாய் குமுதினி உரிய சிகிச்சை இல்லாமல் இறந்துபோனார். பின்னாளில் வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டிய மகன், 1944இல் தாய் பெயரில் கிராமத்து ஏழைகளுக்காக மருத்துவமனை திறந்தார். வங்கதேச விடுதலைப் போர் நடந்த 1971 மே மாதம் அவரையும் அவர் மகனையும் பாகிஸ்தான் படையினர் பிடித்துச் சென்றார்கள். இருவரும் திரும்பவே இல்லை. மருத்துவமனை நின்றுவிடவில்லை. பிற்பாடு அதனோடு சேர்ந்து எழுந்ததுதான் இந்தக் கல்லூரி. இதை விளம்பரத்துக்காகச் சொல்லவில்லை. கூட்டம் கூட்டமாக நோயாளிகள் வருகிற பழைய மருத்துவமனை ஒன்று கல்லூரிக்குப் பின்னால் இருக்கிறதா என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டிய முதல் விஷயம். பளிங்குத் தரையும் காலிப் படுக்கைகளுமாக இருக்கிற இடத்தில் உங்கள் மகள் மருத்துவம் கற்கமாட்டாள். அப்படிப்பட்ட ஒரு கல்லூரியில் சேர்ந்த பெண், பிரசவம் பார்க்க இரவெல்லாம் காத்திருந்து, ஒரு கேஸ்கூட வராமல் தூங்கப்போன கதையைச் சொல்லி அழுதாள்.

இப்போது நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். உங்கள் மகளுக்கு வங்காளி பேச வருமா?

பாடமும் புத்தகமும் தேர்வும் ஆங்கிலம்தான். ஆனால் படுக்கையில் கிடக்கும் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, மலம் கழிந்ததா, மாதவிடாய் எப்போது வந்தது என்றெல்லாம் வங்காளியில் கேட்டு, பதிலையும் புரிந்துகொள்ள வேண்டும். காஷ்மீரிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் போகும் பெண்களுக்கு இந்தி ஒரு படிக்கட்டு. நம் பெண்கள் பலருக்கு அது இல்லை. சிட்டகாங், சில்ஹெட் பேச்சு வழக்கோ டாக்காக்காரர்களையே திணற வைக்கும். வார்டில் ஆண் மாணவனிடம் வாய் திறக்காத கிராமத்துப் பெண், மாணவி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். அந்த வாய்ப்பை மொழி தெரியாமல் இழப்பது பெரிய நஷ்டம். விமானம் ஏறுவதற்கு மூன்று மாதம் முன்பே பேச்சு வங்காளி படிக்கத் தொடங்கட்டும். எழுத்து பிறகு வரும்.

படிப்பின் தாளமும் நம் ஊர் மாதிரி இல்லை. ஒவ்வொரு சிறு பகுதிக்கும் வாய்மொழித் தேர்வு. அதை 'ஐட்டம்' என்கிறார்கள். ஐட்டங்கள் முடிந்தால் 'கார்டு', பிறகு 'டெர்ம்', கடைசியில் பல்கலைக்கழகத் தேர்வான 'ப்ரொஃப்'. ஐட்டம் பாக்கி வைத்தால் கார்டு எழுத முடியாது. அங்கிருந்து எல்லாம் வரிசையாகத் தள்ளிப்போகும். முந்தின நாள் இரவு மட்டும் படிக்கும் பிள்ளைக்கு இது நரகம். தினமும் கொஞ்சம் படிக்கும் பிள்ளைக்கு இதுவே வரம். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இந்தியாவில் டாக்டராகத் தொழில் செய்யப் பின்னால் எழுத வேண்டிய எஃப்எம்ஜிஇ தேர்வுக்கும் இந்தப் பழக்கம் கைகொடுக்கும். 300 கேள்விகளுக்கு 150 சரியாக வர வேண்டும். அண்மை ஆண்டுகளின் பல அமர்வுகளில், எழுதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே தேறினார்கள்.

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளை ஏஜென்ட் சொல்ல மாட்டார், நான் சொல்கிறேன். படிப்பு குறைந்தது 54 மாதம், அதன்பின் அங்கேயே 12 மாதம் ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. இரண்டும் ஒரே கல்லூரியில். திரும்பி வந்தபின் இங்கே மேலும் 12 மாதம். சேர்ந்த நாளிலிருந்து 10 ஆண்டுக்குள் படிப்பு முடிய வேண்டும். அதாவது, இடையில் கல்லூரி மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்றாம் வருடத்தில் நல்ல வரன் வந்தது என்று நீங்களும் படிப்பை நிறுத்தாதீர்கள். அப்படி நின்றுபோன இருவரை எனக்குத் தெரியும். இருவருமே படிப்பில் கெட்டிக்காரிகள்.

உங்கள் பயம் முழுக்க வீண் என்று சொல்லமாட்டேன். 2024 ஜூலையில் அங்கே அரசு வேலை இடஒதுக்கீட்டை எதிர்த்து மாணவர் போராட்டம் வெடித்தபோது 18ஆம் தேதி இணையம் துண்டிக்கப்பட்டது. மொபைல் இணையம் திரும்ப 10 நாள் ஆயிற்று. ஊரடங்கு, துப்பாக்கிச் சூடு. இந்திய மாணவர்கள் ஆயிரக்கணக்கில் அகர்தலா பக்கமும் மேகாலயாவின் டாவ்கி பக்கமும் எல்லை கடந்து வந்தார்கள். நம் மாணவர்களை ஊர் சேர்க்கத் தமிழக அரசும் ஏற்பாடு செய்தது. அந்த வாரம் என் தொலைபேசி ஓயவே இல்லை. பிள்ளை தானே எல்லைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் பல பெற்றோருக்குச் சேதியே கிடைத்தது. ஆகஸ்ட் 5ஆம் தேதி ஆட்சியே கவிழ்ந்தது. அதன் பிறகும் பலர் திரும்பிப் போனார்கள், ஏனென்றால் பாதியில் விட்டால் பட்டம் இல்லை. ஆகவே போன உடனே இந்தியத் தூதரகத்தில் மகள் பெயரைப் பதிவு செய்யுங்கள். சிட்டகாங், ராஜ்ஷாஹி, சில்ஹெட், குல்னா நகரங்களிலும் துணைத் தூதரகங்கள் உண்டு. கையில் கொஞ்சம் ரொக்கம், பாஸ்போர்ட்டின் நகல், ஒரு உள்ளூர்த் தோழியின் வீட்டு முகவரி ஆகிய மூன்றும் எப்போதும் அவளிடம் இருக்கட்டும்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம்; சோறும் மீனும் உள்ள ஊர். கடுகெண்ணெய் வாசனைக்கு ஒரு மாதம் ஆகும். ரமலானில் பகலில் கேன்டீன் மூடியிருக்கும். அறையில் அவல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கட்டணத்தைப் பற்றி ஒன்றுதான். முன்பணத்தை ஏஜென்ட் கணக்கில் போடாதீர்கள். கல்லூரியின் வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்பி ரசீது வாங்குங்கள்.

முன்பணம் கட்டும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். அந்தக் கல்லூரியில் மூன்றாம் அல்லது நான்காம் வருடம் படிக்கும் தென்னிந்தியப் பெண் ஒருத்தியின் எண்ணைத் தேடிப் பிடியுங்கள். ஏஜென்ட் தரும் எண் வேண்டாம். உங்கள் மகள் அவளோடு அரைமணி நேரம் பேசட்டும். அவர்கள் பேசும்போது நீங்கள் அந்த அறையில் இருக்க வேண்டாம்.