ஹ்ரோட் என் பழைய லேப்டாப்பில் ஓடுமா?

கேள்வி: மதுரை பக்கம் திருமங்கலத்தில் இருக்கிறேன். காலேஜ் படிக்கும்போது சிம்மக்கல் பக்கம் ஒரு ப்ரவுசிங் சென்டரில் க்வேக் ஆடித் தீர்த்தவன். இப்போது ஹ்ரோட் என்ற ஷூட்டரின் (துப்பாக்கிச் சண்டை கேம்) வீடியோ பார்த்தேன், அச்சு அசல் அதே மாதிரி இருக்கிறது. என்னிடம் இருப்பது டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் லேப்டாப்: ஐ3, 4 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பழைய கேம் மாதிரிதானே இருக்கிறது, ஓடிவிடும்தானே? காசைப் போட்டுவிட்டு ஏமாறக் கூடாது.

பதில்: "பழைய கேம் மாதிரிதானே" என்ற இடத்தில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். 1993-இல் வந்த டூம் என்ற ஷூட்டர் 4 எம்பி ராமில் ஓடியது. உங்களிடம் அதைப் போல ஆயிரம் மடங்கு இருக்கிறது. அந்தக் கணக்கு அசல் டூமுக்குச் சரி, டூம் மாதிரி வேஷம் போட்ட இன்றைய கேமுக்குச் சரிவராது.

நம் பைபாஸ் ரோட்டில் செட்டிநாட்டு வீடு மாதிரி முகப்பு வைத்து ஓட்டல் கட்டுகிறார்கள் இல்லையா? வெளியே தூணும் திண்ணையும், உள்ளே ஏசியும் லிஃப்டும். கரண்ட் பில் முகப்பைப் பார்த்து வருவதில்லை. ப்ரோடியஸ் என்ற கேமில் எதிரிகள் கட்டம் கட்டமாக, பழைய தட்டைப் படம் மாதிரி தெரிவார்கள். உண்மையில் அவர்கள் முப்பரிமாண உருவங்களாகச் செய்யப்பட்டவர்கள். அதற்கு மேல் இன்றைய ஒளி, நிழல், புகை வேலைகளும் நடக்கின்றன. டஸ்க் (2018) பார்க்க க்வேக்கின் தம்பி, ஆனால் யூனிட்டி என்ற இன்றைய எஞ்சினில் (கேமை இயக்கும் அடிப்படை மென்பொருள்) செய்தது. ஐயன் ஃப்யூரி (2019) மட்டும் வேறு ரகம். 1996-இல் ட்யூக் நியூக்கெம் 3டி ஓடிய அதே பில்ட் எஞ்சினின் வழிவந்தது.

உங்கள் கேமுக்கு வருகிறேன். ஹ்ரோட்டைச் செய்தவர் செக் நாட்டுக்காரர், ஸ்பிட்டிஹ்னேவ் என்ற பெயரில் தனி ஆளாக வேலை செய்கிறார். கடை எஞ்சின் எதையும் எடுக்காமல் தன் எஞ்சினைத் தானே பாஸ்கல் என்ற பழைய நிரல்மொழியில் எழுதினார். ஆமாம், நம்மில் சிலர் முதல் செமஸ்டரில் படித்து மறந்த அதே பாஸ்கல்தான். 2021-இல் பாதியாக வந்து 2023-இல் முழுதாக வெளியானது. கதை நடப்பது 1986-இன் செக்கோஸ்லோவாகியாவில். தொடக்கமே ப்ராக் நகரின் கோஸ்மோனௌட்டூ மெட்ரோ ஸ்டேஷன் (இன்று அதன் பெயர் ஹாயே). எங்கும் பழுப்பும் சாம்பலும்தான் நிறம். அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் புரிகிற கிண்டல் நிறைய, அதனால்தானோ என்னவோ வெளியே அதிகம் பேசப்படவில்லை. இடிப்பதற்கு முந்தைய பெரியார் பஸ் ஸ்டாண்டை அப்படியே வைத்து நம்மாள் ஒருவர் ஒரு ஷூட்டர் செய்தால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி. என் மதிப்பில், விலை அதிகமான பல ரெட்ரோ கேம்களைவிட இதில் உயிர் அதிகம்.

சொந்த எஞ்சின் என்பதால் தேவையில்லாத சுமை குறைவு என்று எதிர்பார்க்கலாம். ஆனால் எதிர்பார்ப்பு உத்தரவாதம் ஆகாது. ஐ3 என்பது குடும்பப் பெயர் மாதிரி, எந்தத் தலைமுறை என்று தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் கிராபிக்ஸ் சிப்பின் பெயரைக் குறித்துக்கொண்டு, ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் ஹ்ரோட்டின் பக்கத்தின் அடியில் இருக்கும் குறைந்தபட்சத் தேவையோடு ஒப்பிடுங்கள். விண்டோஸ் 7 என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். 2024 ஜனவரி 1 முதல் ஸ்டீம் அதைக் கைவிட்டுவிட்டது.

அதே பக்கத்தில் மெமரியையும் பாருங்கள். இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலி என்றால் நல்ல செய்தி. தனி கார்டு இல்லாத லேப்டாப்பில் கிராபிக்ஸ் சிப் ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. அதே அளவில் இன்னொரு 4 ஜிபி போட்டால் இடம் கூடுவது மட்டுமில்லை, இரண்டும் சேர்ந்து வேலை செய்வதால் ராமுக்குப் போய்வரும் வழியே அகலமாகிறது. புதுசு வேண்டாம், செகண்ட் ஹேண்ட் ராமே போதும். ஆனால் ராமின் வகை டிடிஆர்3ஆ, டிடிஆர்3எல்லா, டிடிஆர்4ஆ என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

காசு செலவழிக்கும் முன் ஓர் இலவச ஒத்திகையும் உண்டு. டூமின் மூலநிரலை 1997-இல் வெளியிட்டார்கள். அதிலிருந்து வளர்ந்த டிஎஸ்டிஏ டூம் என்ற எஞ்சினையும், அதில் ஆட முழுக்க இலவசமான ஃப்ரீடூமையும் இறக்கி அரை மணி நேரம் ஆடுங்கள். இதுவே திணறினால் கோளாறு கேமில் இல்லை. பெரும்பாலும் ஃபேனில் அடைத்த தூசியும் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டும்தான். சூடு ஏறினால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், சித்திரை வெயிலில் நம் ஊரில் கேட்கவே வேண்டாம்.

சரி, வாங்கிவிட்டீர்கள். சார்ஜரைச் செருகி, பேட்டரி சேவரை அணைத்து, ரெசல்யூஷனைக் குறைத்து வையுங்கள். கட்டம் கட்டமான படத்தில் அந்தக் குறைச்சல் கண்ணுக்கே தெரியாது. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். ஆனால் கேமைத் திறந்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் அதுவும் கணக்கில் ஏறும். முதல் குறுகிய நடைபாதை வழுக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். நாலைந்து எதிரிகள் ஒன்றாகப் பாயும் திறந்த இடம் வரை போய்ப் பாருங்கள். படம் அங்கே தடுக்கினால் ஒன்றரை மணி நேரம் ஆவதற்குள் ரீஃபண்ட் கேட்டுவிடுங்கள்.