பானைத் தண்ணீர் முதல் பச்சரிசி வடாம் வரை: கோடைக்கால வீட்டுக் கேள்வி–பதில்

மாசியில் வாங்கிய மண்பானை. முதல் மாதம் தண்ணீர் ஜில்லென்று இருந்தது. இப்போது குடத்துத் தண்ணீருக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. பானை கெட்டுவிட்டதா?
— வாசகி, திருச்சி

கெடவில்லை, துளைகள் அடைத்திருக்கின்றன. பானையின் வெளிப்பக்கத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். வெள்ளையாக, மாவு போல ஏதாவது ஒட்டினால் அது உங்கள் ஊர்த் தண்ணீரில் இருக்கும் உப்பு. தண்ணீர் மண்சுவர் வழியாகக் கசிந்து வெளியே வந்து காற்றில் ஆவியாகிறது. ஆவியாகும்போது உள்ளே இருப்பதன் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. தண்ணீர் போய்விடும், அதிலிருந்த உப்பு மட்டும் துளை வாயிலேயே தங்கிவிடும். போர் தண்ணீர் ஊற்றினால் ஒன்றிரண்டு மாதத்திலேயே இப்படி ஆகும்.

பானையைக் காலி செய்து, தேங்காய் நாரால் வெளியே நன்றாகத் தேயுங்கள். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து, அதில் நனைத்த துணியை உப்புப் படிந்த இடத்தில் அரை மணி நேரம் சுற்றி வைத்து, மறுபடி தேய்த்துக் கழுவுங்கள். எலுமிச்சைச் சாறும் ஆகும், ஆனால் செலவுக்கு வினிகர்தான் கட்டுப்படி. பிறகு ஒரு முழு நாள் பானையைத் தண்ணீரில் மூழ்க வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புழங்கலாம். சோப்பு, பாத்திரம் தேய்க்கும் லிக்விட் இரண்டும் கூடவே கூடாது. மண் அதைக் குடித்துவிட்டு, நாள்கணக்கில் தண்ணீரில் விட்டுக்கொண்டே இருக்கும்.

வைக்கும் இடமும் முக்கியம். 10 லிட்டர் பானையில் 100 மில்லி ஆவியானால் மீதித் தண்ணீர் ஐந்து டிகிரிக்கு மேல் குளிர வேண்டும் என்பது கணக்கு. சுற்றியுள்ள சூடு திரும்ப ஏறுவதால் நடப்பில் கொஞ்சம் குறையும். அந்த 100 மில்லி ஆவியாவதற்குக் காற்று வேண்டுமே! அடுப்படி மூலையில், சுவரோடு ஒட்டி வைத்தால் எங்கே ஆவியாகும்? நிழலான ஜன்னல் ஓரத்தில், பிரிமனை (வைக்கோல் வளையம்) மேலோ ஈர மணல் மேலோ வையுங்கள். பானை வியர்க்கிறது, தரை நனைகிறது என்று பெயின்ட், வார்னிஷ் அடித்த பானையை வாங்குகிறார்கள். வியர்க்காத பானை குளிராது. அடித்த வார்னிஷை எடுக்கவும் வழியில்லை.

சென்னை, கடலூர், நாகப்பட்டினம் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: கடல்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைய. நல்ல பானைகூட உங்கள் ஊரில் திருச்சி, மதுரை அளவுக்குக் குளிராது. பானையைக் குறை சொல்ல வேண்டாம்.

பச்சரிசி வடாம் பிழிந்தேன். நன்றாகக் காய்ந்துவிட்டது. பொரித்தால் பாதி பொரிகிறது, நடுவில் கல் மாதிரி கடிக்கிறது. உப்பும் கரிக்கிறது. எங்கே தப்பு?
— வாசகி, மன்னார்குடி

கூழ் வேகவில்லை. பெரும்பாலான வடாம் கெடுவது வெயிலில் அல்ல, அடுப்பில். வெந்த மாவில்தான் அந்தக் கண்ணாடி போன்ற பதம் வரும். காய்ந்த பிறகும் அதற்குள் துளி ஈரம் இருக்கும். சூடான எண்ணெயில் விழுந்ததும் அந்த ஈரம் நீராவியாகி வடாமை ஊதிப் பெருக்கும். வேகாத மாவு ஊதாது, அப்படியே கல்லாக நின்றுவிடும்.

ஒரு கிலோ பச்சரிசி மாவுக்கு அளவு சொல்கிறேன். பழைய அரிசியாக இருக்கட்டும். புது அரிசி கொழகொழவென்று ஆகி அச்சில் ஒட்டும். ஜவ்வரிசி 100 கிராம், முதல் நாள் இரவே ஊற வைத்தது. பச்சை மிளகாய் 20, காரத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். அதைப் பெருங்காயத்தோடு விழுதாக அரைத்துக்கொள்ளுங்கள். கல்லுப்பு 25 முதல் 30 கிராம், அதற்கு மேல் வேண்டாம். எலுமிச்சம்பழம் மூன்று. தண்ணீர், மாவை அளந்த டம்ளராலேயே ஒன்றுக்கு இரண்டரை. கரண்டியால் ஊற்றும் வடாம் என்றால் ஒன்றுக்கு ஐந்து.

தண்ணீரில் கால் பங்கை எடுத்து மாவைக் கட்டியில்லாமல் கரைத்து வையுங்கள். மீதியை அடி கனமான பாத்திரத்தில் கொதிக்க விட்டு, முதலில் ஜவ்வரிசி. அது கண்ணாடியாக ஆனதும் மிளகாய் விழுதும் உப்பும். பிறகு தீயைக் குறைத்து, கரைத்த மாவை ஒரு கையால் ஊற்றி மறு கையால் கிளறுங்கள். ஐந்தே நிமிடத்தில் கெட்டியாகிவிடும். எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். கெட்டியானதை வெந்துவிட்டது என்று நினைத்து இறக்கிவிடுகிறார்கள். கெட்டியான பிறகு மூடி போட்டு, சிறு தீயில், நடுநடுவே கிளறி இன்னும் 10 முதல் 15 நிமிடம் வைக்க வேண்டும். வெள்ளை நிறம் மங்கிப் பளபளப்பு வரும். விரலைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது. கொஞ்சம் எடுத்து வாயில் போட்டால் பச்சை மாவு வாசனை இருக்கக் கூடாது. எலுமிச்சைச் சாறு, இறக்கி ஆறிய பிறகுதான்; கொதிக்கும்போது விட்டால் கசக்கும்.

உப்புக் கரிப்பதற்குக் காரணம் எளிது. கூழில் இருந்த தண்ணீரெல்லாம் போய்விடுகிறது, போட்ட உப்பு அத்தனையும் வடாமில் நிற்கிறது. கூழை ருசி பார்க்கும்போது உப்பு அரைக்கால் குறைச்சலாகத் தெரிந்தால்தான் பொரித்த வடாமில் சரியாக இருக்கும்.

கூழை முதல் நாள் இரவே கிளறி ஆற விட்டு, காலை ஏழு மணிக்குள் பிழிந்துவிடுங்கள். நனைத்துப் பிழிந்த பழைய வேட்டி நல்லது. சாயம் போகும் சேலை வேண்டாம். சாயங்காலம் துணியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து இரண்டு நிமிடம் விட்டால் வடாம் தானாகக் கழன்று வரும். இழுத்துப் பிய்த்தால் நொறுங்கும். மறுநாளும் அதற்கு மறுநாளும் தாம்பாளத்தில் பரப்பித் திருப்பி விடுங்கள். ஒடித்தால் ‘படக்’கென்று சத்தம் வர வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு வெயில். சூட்டோடு டப்பாவில் போட்டால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும், ஆறிய பிறகு மூடுங்கள்.

திடீரென்று கோடை மழை வந்தால் மடித்துக் குவித்து வைக்காதீர்கள். உள்ளே விரித்து, இரவெல்லாம் ஃபேன் காற்றில் விடுங்கள். புளிப்பு வாடை வந்துவிட்டது என்றால் மனசு கேட்காவிட்டாலும் தூக்கி எறிந்துவிட வேண்டியதுதான்.

மோர் மிளகாயில் இரண்டாம் நாளே வெள்ளையாகப் பூசணம்.
— வாசகர், சேலம்

மிளகாய் மோருக்கு மேலே மிதந்திருக்கும். மோரில் முங்காத பாகத்தில்தான் பூசணம் பிடிக்கும். அரைக் கிலோ மிளகாய்க்கு அரை லிட்டர் கெட்டியான புளித்த தயிர், 60 கிராம் கல்லுப்பு. தயிரைத் தண்ணீர் சேர்க்காமல் கடைந்து, காம்போடு கீறிய மிளகாயைப் போட்டு, மேலே ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்து அமுக்கி வையுங்கள். பகலில் மிளகாய் வெயிலில், இரவில் மறுபடி அதே மோரில். மோர் வற்றும் வரை இப்படிச் செய்து, அப்புறம் மொறுமொறுவென்று ஆகும் வரை வெறும் வெயில். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்பும் உப்பும் சேர்ந்து அதை அரிக்கும்.

எங்கள் வீட்டில் ஏ.சி. கிடையாது. மூன்று ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ், டி.வி., மோட்டார். இருந்தும் இந்த முறை 540 யூனிட். பில்லைப் பார்த்து மலைத்துவிட்டோம்.
— வாசகர், விருதுநகர்

நீங்கள் தாண்டியது 40 யூனிட்தான். ஆனால் தாண்டிய இடம் மோசமான இடம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை ஒரு கணக்கு, அதற்கு மேல் போனால் வேறு கணக்கு. 2022 செப்டம்பரில் வந்த விலையை வைத்துப் பாருங்கள். 500 யூனிட்டுக்கு முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் தலா ரூ.2.25, அடுத்த 200 யூனிட் ரூ.4.50, கடைசி 100 யூனிட் ரூ.6. மொத்தம் ரூ.1,725. அதுவே 540 ஆனால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் ரூ.4.50 ஆகிவிடும், 500-க்கு மேற்பட்ட 40-க்கு ரூ.8. மொத்தம் ரூ.2,270. அந்த 40 யூனிட்டுக்கு ரூ.545 கொடுத்திருக்கிறீர்கள்! 2024 ஜூலையில் விலை இன்னும் சற்று ஏறியது, இந்தப் படிக்கட்டு அப்படியே இருந்தது. உங்கள் கையில் இருக்கும் பில்லின் விலையைப் போட்டு நீங்களே ஒருமுறை கணக்குப் பாருங்கள்.

ஆகவே ரீடிங் எடுத்த 30-ஆம் நாள் மீட்டரை நீங்களே பாருங்கள். 250 தாண்டியிருந்தால் அடுத்த மாதம் கையைச் சுருக்க வேண்டும். எங்கே சுருக்குவது? சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட். நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட்டுக்கு மேல். மூன்றுக்கும் சேர்த்து 200-ஐத் தாண்டும். பி.எல்.டி.சி. என்ற, மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட் அளவில் ஓடும். அதிக நேரம் ஓடும் ஒரே ஒரு ஃபேனை மட்டும் மாற்றினாலே 40 யூனிட் மிச்சம், உங்கள் கணக்கு அதிலேயே நேராகிவிடும். மூன்றையும் ஒரேயடியாக மாற்றிக் கடன்பட வேண்டாம்.

ஃபிரிட்ஜில் ஒரு சோதனை: கதவு இடுக்கில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி, இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் தளர்ந்திருக்கிறது. வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து அழுக்கெடுத்தால் பல சமயம் சரியாகும், இல்லையென்றால் ரப்பரை மாற்றலாம். ஃப்ரீசரில் விரல் கனத்துக்குப் பனி சேர விடாதீர்கள். அந்தப் பனியைக் கத்தியால் குத்தி எடுப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். உள்ளே ஓடும் கேஸ் குழாயில் ஓட்டை விழுந்தால் செலவு ஆயிரக்கணக்கில் போகும்.

ஃபேன் ஐந்தாம் நம்பரிலும் மெதுவாகவே சுற்றுகிறது. புதிது வாங்க வேண்டுமா?
— வாசகி, வேலூர்

முதலில் கன்டென்சரை (மோட்டாரைக் கிளப்பிவிடும் சிறு மின்தேக்கி) மாற்றுங்கள். சூட்டில் அதன் சக்தி குறைந்துவிடும். எல்லா நம்பரிலும் மெதுவாகச் சுற்றுவது, கையால் தள்ளிவிட்டால்தான் கிளம்புவது இரண்டும் அதன் அடையாளம். சீலிங் ஃபேனுக்குப் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட், பழையதன் மேலேயே அச்சடித்திருக்கும், அதையே கேட்டு வாங்குங்கள். அதிகம் போட்டால் வேகம் கூடும் என்று 4 போட்டால் மோட்டாரின் கம்பிச் சுருள் சூடாகிக் கருகும். மெயினை அணைத்த பிறகே கை வையுங்கள், பழக்கம் இல்லையென்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இறக்கையில் படிந்த தூசியையும் துடைத்துவிடுங்கள்.

மேல் மாடி வீடு. இரவு பத்து மணிக்கும் ஃபேனைப் போட்டால் அனல். தினமும் மொட்டை மாடியில் இருபது குடம் தண்ணீர் ஊற்றுகிறோம். வேறு வழி உண்டா?
— வாசகர், மதுரை

அந்த இருபது குடத்தைச் செடிக்கு விடுங்கள். பகல் முழுக்கக் குடித்த வெயிலைத் தளம் இரவில்தான் வெளியே விடுகிறது. சாயங்காலம் ஊற்றும் தண்ணீர் மேல்தோலைத்தான் குளிர வைக்கும். சூடு ஏறாமல் தடுப்பதே வழி, அதற்கு மலிவானது சுண்ணாம்பு.

தளத்தைப் பெருக்கி, பாசியைச் சுரண்டி, கழுவுங்கள். 5 கிலோ நீர்த்த சுண்ணாம்பை 8 முதல் 10 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஓர் இரவு ஊற விட்டு, துணியில் வடிகட்டி, பெயின்டில் கலக்கும் பசை கால் லிட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். பால் பதம் போதும், தயிர் பதத்தில் அடித்தால் உரிந்து வரும். தளத்தை ஈரமாக்கி, வெயில் இறங்கிய பிறகு ஒரு கோட், மறுநாள் சாயங்காலம் இன்னொரு கோட். உச்சி வெயிலில் அடித்தால் பிடிக்கும் முன்பே காய்ந்து, கையில் பொடியாக ஒட்டும். சுண்ணாம்பு இறுகுவதற்கு ஈரமும் நேரமும் வேண்டும். கண்ணில் பட்டால் புண்ணாக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள். மழையில் கரையும் என்பதால் வருஷா வருஷம் பங்குனியில் ஒருமுறை அடிக்க வேண்டியிருக்கும். மதுரை வெயிலுக்கு அந்தச் செலவு தகும். அதோடு, காலை ஒன்பது மணிக்கு மேற்கு, கிழக்கு ஜன்னல்களை மூடித் திரை போட்டு, இரவு வெளியே குளிர்ந்த பிறகு எல்லாவற்றையும் திறந்து வையுங்கள்.

இட்லி மாவு காலைக்குள் பொங்கி வழிந்து புளித்துவிடுகிறது.
— வாசகி, ஈரோடு

குளிர்காலத்தில் பத்து மணி நேரம் எடுக்கும் மாவு, இந்த வெயிலில் நாலைந்து மணி நேரத்தில் பொங்கிவிடும். இரவு ஒன்பதுக்கு அரைத்து வெளியே வைத்தால் விடிகாலைக்குள் காரியம் முடிந்துவிடும். மதியம் அரைத்து, சாயங்காலம் பார்த்து ஃபிரிட்ஜில் வையுங்கள். உளுந்தைக் குளிர்ந்த தண்ணீர் தெளித்து அரையுங்கள். மிக்ஸியில் மாவு சூடாகி இன்னும் சீக்கிரம் புளிக்கும். வெந்தயத்தைப் பாதியாகக் குறைக்கலாம். பெரிய பாத்திரம் ஒன்றை வெளியே எடுப்பதும் உள்ளே வைப்பதுமாக இருந்தால் மூன்றாம் நாள் வாயில் வைக்க முடியாது. ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து வையுங்கள். புளித்துவிட்டால் ஒரு கரண்டி ரவையும் நறுக்கிய வெங்காயமும் சேர்த்துப் பணியாரம்.

வெள்ளை பனியன்களில் கக்கத்தில் மஞ்சள். பிளீச்சிங் பவுடர் போட்டும் போகவில்லை.
— வாசகர், தஞ்சாவூர்

பிளீச்சிங் பவுடர் வியர்வைக் கறையை மேலும் மஞ்சளாக்கும், நிறுத்திவிடுங்கள். கழற்றியதும் கூடையில் போடாமல், அரை மணி நேரம் வெறும் பச்சைத் தண்ணீரில் ஊற வைத்து அலசுங்கள். பிறகு ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா போட்டு ஒரு மணி நேரம் ஊற வைத்துத் துவையுங்கள். வெள்ளையை நல்ல வெயிலில் காயப் போடுங்கள், சாயத் துணிகளைத் திருப்பிப் போட்டு நிழலில். ஈரத்தோடு மூட்டை கட்டிக் கிடந்து கரும்புள்ளி விழுந்துவிட்டால் அது பெரும்பாலும் போகாது. அந்தப் பனியனைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.