நூற்று ஐந்தை 1005 என்று எழுதும் குழந்தைக்கு இடமதிப்பை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கேட்டவருடைய மகள் இரண்டாம் வகுப்பு. நூறு வரை கடகடவென்று ஒப்பிக்கிறாள், "34இல் 3 எந்த இடம்?" என்றால் "பத்தாம் இடம்" என்று டக்கென்று பதில் வருகிறது, ஆனால் நூற்று ஐந்தை எழுதச் சொன்னால் 1005 என்று எழுதிவைக்கிறாள். கவனக்குறைவா, புரியவே இல்லையா என்பது கேள்வி.

கவனக்குறைவெல்லாம் இல்லை. நூறு என்றால் 100, ஐந்து என்றால் 5, காதில் விழுந்த வரிசையில் எழுதியிருக்கிறாள், அவ்வளவுதான். நான் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பாடம் எடுக்கிறேன், இது வருடாவருடம் வரும், இருநூற்று முப்பத்து நான்கை 200304 என்று நீட்டி எழுதுகிற பிள்ளைகளும் உண்டு. சொல்லப்போனால் நம்முடைய பழைய தமிழ் எண்முறையே ஏறக்குறைய இப்படித்தான்: 234ஐ ௨௱௩௰௪ என்றும் 105ஐ ௱௫ என்றும் எழுதினார்கள். நூறுக்கும் (௱) பத்துக்கும் (௰) தனித்தனிக் குறி இருந்ததால் நடுவில் பூஜ்ஜியம் போட வேண்டிய அவசியமே வரவில்லை. இப்போது நாம் அந்தக் குறிகளையெல்லாம் எடுத்துவிட்டு, எந்த இடத்தில் நிற்கிறது என்பதை மட்டும் பார்த்து மதிப்பைக் கண்டுபிடி என்று ஆறேழு வயதுப் பிள்ளையிடம் கேட்கிறோம். கொஞ்சம் நேரம் பிடிக்கத்தான் செய்யும், திட்ட வேண்டாம்.

முதலில் அவளுக்கு எவ்வளவு புரிந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பதினாறு புளியங்கொட்டையை எண்ணி எடுக்கச் சொல்லி, ஒரு தாளில் 16 என்று எழுதச் சொல்லுங்கள். அந்த 6ஐச் சுற்றி வட்டம் போட்டு, "இது எவ்வளவு, கொட்டையில் காட்டு" என்றால் ஆறு கொட்டையைத் தள்ளிக் காட்டுவாள். அப்புறம் 1ஐ வட்டம் போட்டுக் கேளுங்கள். நிறையப் பிள்ளைகள் ஒரே ஒரு கொட்டையை எடுத்துக் காட்டுவார்கள், மீதி ஒன்பது கொட்டை அநாதையாகக் கிடக்கும், அது அவர்களுக்கு உறுத்தவும் உறுத்தாது. கான்ஸ்டன்ஸ் காமி என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தச் சோதனையைப் பல குழந்தைகளிடம் செய்து பார்த்தவர், பெரிய வகுப்புக்குப் போன பிறகும் தடுமாறுகிறவர்கள் உண்டு என்று காட்டினார். "பத்தாம் இடம்" என்று சரியாகச் சொல்கிற பிள்ளையும் இதில் மாட்டும். அந்தப் பதில் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடமாக வருவது, அதை நம்பி அடுத்த பாடத்துக்குப் போய்விடாதீர்கள்.

அவள் ஒரு கொட்டையைத்தான் காட்டினாள் என்றால் நோட்டில் ப (பத்து), ஒ (ஒன்று) என்று கட்டம் போட்டு நிரப்பச் சொல்வதை நிறுத்தி வையுங்கள். ஈர்க்குச்சியை ஒடித்துக்கொள்ளுங்கள் (பழைய விளக்குமாறு போதும், கழுவிக் காயவைத்து விரல் நீளத்துக்கு), கூடவே ஒரு பொட்டலம் ரப்பர் பேண்ட். லூடோ பகடையை உருட்டி, விழுந்த எண்ணுக்குக் குச்சி எடுக்க வேண்டும், பத்து சேர்ந்ததும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்ட வேண்டும், பத்துக் கட்டு சேர்ந்தால் அதைப் பெரிய கட்டாக்க வேண்டும், அதை முதலில் கட்டுகிறவர் ஜெயித்தார். கட்டுவது அவள் கையாக இருக்க வேண்டும், இது முக்கியம். பெற்றோர் முன்கூட்டியே அழகாகக் கட்டிக் கொடுத்துவிட்டால் அவளுக்கு அது "பத்து என்று பெயர் வைத்த ஒரு பொருள்", அவ்வளவுதான். தானே எண்ணிக் கட்டினால்தான் உள்ளே பத்து இருக்கிறது என்பது கைக்குத் தெரியும்.

அடுத்து அதே ஆட்டத்தைத் திருப்பிப் போடுங்கள், பெரிய கட்டிலிருந்து தொடங்கி, பகடையில் விழுந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டே பூஜ்ஜியத்துக்கு வர வேண்டும். முதல் உருட்டிலேயே சிக்கல் வரும், நான்கு விழுந்தால் நான்கு குச்சியை எங்கிருந்து எடுப்பது? பெரிய கட்டைப் பிரித்து, அதில் ஒரு சின்னக் கட்டையும் பிரித்தாக வேண்டும். பின்னால் 42இலிருந்து 17ஐக் கழிக்கும்போது பக்கத்து வீட்டில் கடன் வாங்கு என்று சொல்லித் தருகிறோமே (வாங்கிய கடனை யாரும் திருப்பிக் கொடுத்து நான் பார்த்ததில்லை), அது இந்தக் கட்டுப் பிரிப்புதான். 42 என்பது நாலு கட்டும் இரண்டு குச்சியும், அதுவே மூன்று கட்டும் பன்னிரண்டு குச்சியும்தான் என்று பிள்ளை விளையாட்டிலேயே பார்த்துவிட்டால் கழித்தலில் பாதி வேலை முடிந்தது.

இப்போது 1005க்கு வருவோம். இதற்குக் குச்சி மட்டும் போதாது, அட்டை வேண்டும். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி 1 முதல் 9 வரை 4 செ.மீ. அகலத்தில் ஒன்பது அட்டை, 10, 20 என்று 90 வரை 8 செ.மீ. அகலத்தில் ஒன்பது, 100 முதல் 900 வரை 12 செ.மீ. அகலத்தில் ஒன்பது, மொத்தம் 27. உயரம் எல்லாவற்றுக்கும் ஒன்றே, ஒவ்வொரு இலக்கமும் தனக்குரிய 4 செ.மீ.க்குள் இருக்கட்டும். 234க்கு 200 அட்டையை வைத்து, அதன் மேல் 30, அதன் மேல் 4, மூன்றின் வலது ஓரமும் ஒன்றாகச் சேரும்படி அடுக்கினால் 234 தெரியும், அட்டையை விலக்கினால் ஒளிந்திருந்த பூஜ்ஜியங்கள் எட்டிப் பார்க்கும். 200304 எழுதுகிற பிள்ளைக்கு "நீ நினைச்சது சரிதான், 200, 30, 4 எல்லாமே இருக்கு, ஆனா ஒண்ணு மேல ஒண்ணா இருக்கு" என்று காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. 105க்கு 100 மேல் 5ஐ வைத்தால் நடுவில் பூஜ்ஜியம் தானாக நிற்கும். பக்கத்தில் குச்சியில் ஒரு பெரிய கட்டும் ஐந்து உதிரியும் வைத்து, பத்துக் கட்டு ஒன்றுகூட இல்லை என்பதைத்தான் அந்தப் பூஜ்ஜியம் சொல்கிறது என்று சேர்த்துக் காட்டிவிடுங்கள்.

ஆணிமணிச்சட்டத்தை (இடத்துக்கு ஒரு கம்பி நட்டு அதில் மணி கோக்கும் பலகை) கடைசியில் கொடுங்கள். பல பள்ளிகளில் அதைத்தான் முதலில் எடுப்பார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒன்றுக்கும் ஒரு மணி, நூறுக்கும் அதே அளவில் ஒரு மணி என்பது குச்சிக் கட்டைப் பிரித்துப் பார்த்த பிள்ளைக்குத்தான் பிடிபடும். பத்து ரூபாய் நோட்டும் அப்படித்தான், அதற்குள் பத்து ஒரு ரூபாய் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதெல்லாம் ஓடிய பிறகு, அவசரமில்லாமல், மூன்றாம் வகுப்பு வாக்கில்கூட இருக்கட்டும், ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: 134இல் மொத்தம் எத்தனை பத்து இருக்கிறது? பெரும்பாலும் மூன்று என்றுதான் பதில் வரும். பதில் சொல்லிவிடாதீர்கள், குச்சியைக் கொடுத்து, பெரிய கட்டையும் பிரித்து எண்ணச் சொல்லுங்கள். பதின்மூன்று கட்டு வந்ததும் முதலில் தப்பாக எண்ணிவிட்டேன் என்று நினைத்து மறுபடி எண்ணுவாள், எண்ணட்டும்.