இலங்கை அரச கம்பஸ்ல பீஸ் வேவர் எடுக்கிறது எப்பிடி?

உங்கட தங்கச்சி இந்த முறை ஏ எல் (உயர்தரப் பரீட்சை) எழுதினவ, வீட்டில வசதி இல்ல, கம்பஸ் கிடைச்சா பீஸ் வேவருக்கு, அதாவது பீஸ் கட்டாம விடுறதுக்கு, யாரிட்ட போய் கேக்கிறது எண்டு கேட்டிருக்கிறீங்க. யாரிட்டயும் கேக்க வேண்டாம். யூஜீசி (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) ஊடா அரச கம்பஸுக்கு உள்வாரியா, அதாவது நேர வகுப்புக்குப் போய்ப் படிக்கிற பிள்ளையா, எடுபட்டா படிப்புக்கு பீஸே இல்ல, மெடிசினோ ஆர்ட்ஸோ எல்லாத்துக்கும் அப்பிடித்தான், அப்ப கல்வி அமைச்சரா இருந்த கன்னங்கரா 1945ல கொண்டு வந்த இலவசக் கல்விதான் இண்டைக்கு வரைக்கும் ஓடுது. பதிவுக் காசு மாதிரி சின்னச் சின்னது மட்டும் வரும்.

ஆனா பஸ்சுக்கும் சாப்பாட்டுக்கும் போட்டோகொப்பிக்கும் காசு வேணுமே. அதுக்குத்தான் மகாபொல, இல்லாட்டி பர்சரி, ரெண்டும் கம்பஸ் பிள்ளைகளுக்கு மாசா மாசம் குடுக்கிற உதவிக் காசு. நான் படிக்கேக்க மகாபொல மாசம் 5000, 2025 பட்ஜெட்டில 7500 ஆக்கினவங்க, பர்சரி 4000ல இருந்து 6500 ஆச்சு. வீட்டு வருமானம் பாத்துத்தான் குடுக்கிறது, அதால ஜீஎஸ்ஸிட்ட (கிராம சேவகர்) வருமானத்த உறுதிப்படுத்தி எடுக்கிற வேலைய இப்பவே தொடங்குங்க. எங்கட அப்பா புறக்கோட்டையில ஒரு மொத்தக்கடையில கணக்கு எழுதினவர், சம்பளச் சீட்டு எண்டு ஒண்டும் இல்ல, கடிதம் தாங்கோ எண்டு கேட்டா முதலாளி நாளைக்கு நாளைக்கு எண்டு மூண்டு கிழமை இழுத்தடிச்சார், கடைசி நாள் பின்னேரம்தான் போர்ம் குடுத்தன். அந்தப் பதட்டம் உங்கட தங்கச்சிக்கு வேண்டாம்.

இன்னொண்டும் சொல்லோணும். கொழும்பில டியூஷன் பீஸ் எண்டா எங்களுக்கு கம்பஸ் ஞாபகம் வராது, ஏ எல்லுக்குப் போற தனியார் கிளாஸ் காசுதான் ஞாபகம் வரும். கம்பஸ் போட்டி அப்பிடி. அநேகமான கோர்ஸுக்கு இடங்களில 40 வீதம் அகில இலங்கை மெரிட், 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கின மாவட்டங்களுக்கு. கொட்டாஞ்சேனையில ஒத்த அறையில இருந்து படிக்கிற பிள்ளையும் கொழும்பு மாவட்டம்தான், பெரிய ஸ்கூல் பிள்ளைகளோடதான் அதுக்கும் இஸட் ஸ்கோர் (கம்பஸுக்கு ஆள் எடுக்கப் பாக்கிற ஏ எல் புள்ளி) போட்டி. மாவட்டக் கோட்டா பிழை எண்டு நான் சொல்லேல்ல, வசதியில்லாத ஸ்கூல்ல படிக்கிற மொனராகலைப் பிள்ளைக்கு அது கட்டாயம் வேணும், ஆனா கொழும்பில இருக்கிற ஏழைப் பிள்ளைய அது பாக்கிறேல்ல, கிளாஸ் காசு கட்ட ஏலாமலே நிறையப் பேர் கம்பஸ் வாசலுக்கு வர முதலே நிண்டு போறாங்க. இலவசம் எண்டு சொல்லுறது அவங்கள போய்ச் சேரவே இல்ல. எனக்கு அது இண்டைக்கும் தாங்கேலாது.

இந்த முறை எடுபடேல்ல எண்டா நாவல திறந்த பல்கலைக்கழகம் இருக்கு, அங்க பீஸ் கட்டோணும். தனியார் டிகிரிக்கு அரசாங்கம் 2017ல தொடங்கின வட்டியில்லாக் கடனும் இருக்கு, ஆனா கடன் கடன்தான், பிறகு கட்டோணும்.

திரும்ப எழுதுறதெண்டா கிளாஸ் சேரிட்ட நேரா போய் கதைக்கச் சொல்லுங்க. எங்கட கெமிஸ்ட்ரி சேர் ரெண்டு வருஷமா என்னட்ட காசு வாங்கேல்ல, கிளாஸ் கார்ட்ல ஒவ்வொரு மாசமும் கட்டினதெண்டு சைன் மட்டும் வைப்பார், பக்கத்தில இருந்த பிள்ளைக்குக் கூடத் தெரியாது.