பனிக்கு 1,400 மீட்டர் அடியில் உள்ள மண்ணை வைத்து லட்சக்கணக்கான வருடத்துக்கு முந்தைய காலநிலையைச் சொல்வது நம்பும்படியானதா?

'எல்லாம் சும்மா அடித்துவிடுகிறார்கள்' என்று யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள் என நினைக்கிறேன். நான் விஞ்ஞானி இல்லை. ஒரு கல்லூரி நிலவியல் துறையில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் இதைப் பற்றிப் பேச எனக்கு ஒரு காரணம் உண்டு.

கிரீன்லாந்தின் வடமேற்கில் பனிக்குள்ளேயே சுரங்கம் வெட்டி, கேம்ப் செஞ்சுரி என்ற முகாமை அமெரிக்க ராணுவம் நடத்தியது. 1966இல் அங்கே பனியைத் துளைத்துக்கொண்டே போய் தரையைத் தொட்டார்கள். அதோடு நிற்காமல் இன்னும் மூன்றரை மீட்டர் இறங்கி உறைந்த மண்ணையும் எடுத்தார்கள். ஆனால் எல்லோருக்கும் பனிமேல்தான் கண். மண் உறைபெட்டியில் கிடந்தது, பிறகு டென்மார்க் போனது. 2017இல் கோபன்ஹேகனில் பெட்டிகளை ஒழுங்குபடுத்தும்போது, பிஸ்கட் போட்டு வைக்கிற மாதிரி கண்ணாடி ஜாடிகளில் அகப்பட்டது. அரை நூற்றாண்டாக யாரும் அதைத் தூக்கிப் போடவில்லை, பாருங்கள்.

கழுவிப் பார்த்தால் குச்சி, இலைத் துணுக்கு, பாசி. அவ்வளவு பனிக்கடியில் செடி முளைக்காது. ஆக, அந்த இடம் ஒருகாலத்தில் வெட்டவெளி. எப்போது? மணல் துகளில் சேர்ந்திருக்கும் ஆற்றல் வெயில் பட்டால் போய்விடும். இருட்டில் புதைந்தால், சுற்றியுள்ள கதிரியக்கத்தால் மறுபடி சேரும். சேர்ந்ததை அளந்தால் எத்தனை காலம் இருட்டில் கிடந்தது என்று தெரியும். 2023இல் வந்த விடை சுமார் 4,16,000 வருடம், 38,000 முன்பின். அப்போது காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 280 பங்கு அளவுதான். இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அந்த மூலை வெட்டவெளியாகும் அளவுக்குப் பனி உருகியதால் கடல் மட்டம் குறைந்தது 1.4 மீட்டர் ஏறியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள்.

'ஒரே ஒரு துளையை வைத்து இவ்வளவா?' என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். கிரீன்லாந்தின் நடுமத்தியில், மூன்று கிலோமீட்டர் பனிக்கடியிலிருந்து 1993இல் எடுத்த மண்ணையும் பார்த்தாயிற்று. நம் கசகசாவுக்குப் பங்காளியான பாப்பிச் செடியின் விதை அதில் இருந்தது. 2024இல் வெளியான சேதி.

சரி, என் காரணம். எங்கள் பேராசிரியர் ஒருவர் ஏரிப் படுகையில் பிவிசி குழாய் இறக்கி மண் எடுத்து வைத்திருந்தார். பதினொரு குழாய். அவர் ஓய்வு பெற்ற மறுவருடம் ஆய்வுக் குழு வருகிறது என்று துறையைச் சுத்தம் பண்ணச் சொன்னார்கள். 'இந்தக் குப்பையெல்லாம் எதுக்கு?' என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான் உத்தரவு. நான்தான் குழாய்களைத் தட்டி, மண்ணை வாசலில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டிகளில் கொட்டினேன். குழாய் பழைய சாமான் கடைக்குப் போனது. ஏன் மறுக்கவில்லை என்று கேட்காதீர்கள். அப்போது நான் தற்காலிக ஊழியன். பதினேழாவது வருடம்தான் நிரந்தரம் ஆனேன். முந்தைய பதினாறு வருடத்தை ஓய்வூதியத்துக்குச் சேர்க்கவே இல்லை. மனு மேல் மனு கொடுத்தும் பதில் கிடையாது. அது வேறு கதை.

இரண்டு வருடம் கழித்து அவர் போன் பண்ணினார். "அந்தக் குழாயெல்லாம் இருக்காப்பா?"

"பத்திரமா இருக்கு சார்" என்றேன்.