ஸ்டீராய்டுக்கும் ஏறாத பிளேட்லெட்: மண்ணீரலை எடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. காய்ச்சலுக்கு ரத்தம் பார்த்தபோது பிளேட்லெட் 24,000 என்று வந்தது. ஐ.டி.பி. (உடலின் எதிர்ப்பு சக்தியே பிளேட்லெட்டுகளை அழிக்கும் நோய்) என்று சொல்லி ஆறு மாதமாக ஸ்டீராய்டு தருகிறார்கள். எண்ணிக்கை ஏறவில்லை, முகம்தான் உப்பிவிட்டது. ரத்தக்கசிவு எதுவும் இல்லை. இப்போது மண்ணீரலை எடுக்கலாம் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

பதில்: அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள். ஐ.டி.பி.யை உறுதிசெய்ய ஒரு தனிப் பரிசோதனை கிடையாது. மற்றதெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகு சூட்டும் பெயர் அது. ஸ்டீராய்டுக்குக் கொஞ்சம்கூட ஏறவில்லை, கசிவும் இல்லை என்றால், அடுத்த மருந்தைத் தேடுவதற்கு முன் நோயின் பெயரையே சந்தேகப்பட வேண்டும்.

முதலில், அனுபவமுள்ள ஒருவர் கண்ணாடித் தகட்டில் பூசிய ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்க்கட்டும். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் ஈ.டி.டி.ஏ. சிலருடைய பிளேட்லெட்டுகளை ஒட்டவைத்துவிடும். கட்டியாகக் கிடப்பதை மெஷின் எண்ணாது. நீல மூடி சிட்ரேட் குழாயில் எடுத்தால் பெரும்பாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். இன்னொன்று, பிறவியிலேயே பிளேட்லெட்டுகள் சிவப்பணு அளவுக்குப் பெரிதாக இருப்பது. அவற்றையும் மெஷின் தவறவிடும். எம்.ஒய்.எச்.9 மரபணுக் கோளாறு அப்படிப்பட்டது. ஸ்டீராய்டு, மண்ணீரல் அறுவை இரண்டாலும் அதில் பயனில்லை. வீட்டில் யாருக்காவது சிறு வயதிலேயே காது மந்தம், சிறுநீரகக் கோளாறு உண்டா? பெற்றோர் இருவரும் ஒருமுறை பிளேட்லெட் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ரிப்போர்ட் எதிலாவது மகளின் எண்ணிக்கை இருந்தால் தேடி எடுங்கள். காசில்லாமல் கிடைக்கும் நல்ல துப்பு அது.

எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, ஏ.என்.ஏ. (லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய்களுக்கான பரிசோதனை), தைராய்டு, இம்யூனோகுளோபுலின் (நோய் எதிர்ப்புப் புரதம்) அளவு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையும்.

ஐ.டி.பி.தான் என்று தேறினாலும் எல்ட்ராம்போபாக், ரோமிப்ளோஸ்டிம், ரிடுக்ஸிமாப் ஆகிய மருந்துகள் இருக்கின்றன. எல்ட்ராம்போபாக்கைப் பாலோடும் கால்சியம், இரும்பு மாத்திரைகளோடும் சேர்த்துச் சாப்பிட்டால் உடலில் சேராது. ரிடுக்ஸிமாபுக்கு முன் ஹெபடைடிஸ் பி பார்த்தே ஆக வேண்டும். மண்ணீரல் அறுவை மூன்றில் இருவருக்கு நீடித்த பலன் தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் நோய் தெரிந்து ஓராண்டாவது கழியட்டும். நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் தடுப்பூசிகளையும் இரண்டு வாரம் முன்பே போட வேண்டும்.

பலன் தராத ஸ்டீராய்டை ஆறு மாதம் இழுப்பது சரியல்ல. அதற்காக நீங்களே சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வேண்டாம். வாயில் ரத்தக் கொப்புளம், கறுப்பு மலம், கடும் தலைவலி வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பப்பாளி இலைச் சாறு கேட்பீர்கள் என்று தெரியும். இதற்கு அது மருந்தல்ல.