எலக்ட்ரிக் டெரெயின்: தூக்கத்தைத் தடுக்கும் மின்தரை (கேள்வி பதில்)

போகிமான் ஸ்கார்லெட், வயலெட் ஆட்டங்களின் இரட்டையர் போட்டி விதிப்படி பதில்கள். எலக்ட்ரிக் டெரெயின் என்பது சில டர்ன்களுக்குக் களத்தில் விரியும் மின்தரை; அதில் நிற்கும் போகிமான்களைத் தூங்க விடாது, அவற்றின் மின் அடிகளுக்கும் வலு கூட்டும்.

டெரெயின் இருந்தும் என் டோர்னாடஸ், தூங்க வைக்கும் ஸ்போர் அடியை வாங்கித் தூங்கிடுச்சு. இது ஆட்டத்தோட பக்-ஆ (bug) ப்ரோ?

பக் இல்லை. தரையில் நிற்கிற போகிமானுக்கு மட்டும்தான் காவல். டோர்னாடஸ் பறக்கும் வகை. மிதக்க வைக்கும் லெவிடேட் திறன், ஏர் பலூன், மேக்னட் ரைஸ் உள்ளவைக்கும் இதே கதைதான். எதிரே ஸ்போர் போடும் அமூங்கஸ் வரும் என்று தெரிந்தால் டோர்னாடஸுக்கு சேஃப்டி காகிள்ஸ் என்ற பொருளைக் கொடுங்கள், ஸ்போர் படாது. அயர்ன் பால் என்ற பொருளை மாட்டினால் தரைக்கு வரும்தான், ஆனால் வேகம் பாதியாகிவிடும். வேண்டாத வேலை.

ஏற்கெனவே தூங்குறதை டெரெயின் எழுப்புமா?

எழுப்பாது. Yawn என்ற நகர்வை வாங்கிக் கொட்டாவி விடும் நிலையில் இருந்தால் மட்டும் தப்பிக்கலாம்: அடுத்த டர்ன் முடியும்போது டெரெயின் இருந்தால் தூக்கம் வராது. இந்தக் காவல் எதிரணிக்கும் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் ஸ்போரும் அங்கே பலிக்காது, தூங்கி உடல்நலம் மீட்கும் உங்கள் ரெஸ்ட்டும் வேலை செய்யாது.

பக்கவாதத்தையும் தடுக்குமா?

தூக்கம் மட்டும்தான். எல்லா நிலைக்கோளாறும் வேண்டாமென்றால் அது மிஸ்டி டெரெயின்.

5 டர்ன்னு சொல்றாங்க, எனக்கு 4 தான் கிடைக்குது.

போட்ட டர்னும் கணக்கில் சேரும். முதல் டர்னில் போட்டால் ஐந்தாவதின் முடிவில் கலையும். டெரெயின் எக்ஸ்டெண்டர் என்ற பொருளை வைத்திருந்தால் 8 டர்ன். தரையைக் கலைக்கும் நகர்வுகளான ஐஸ் ஸ்பின்னரை எதிரி அடித்தாலோ டிஃபாக் போட்டாலோ கணக்கே இல்லை, அப்போதே போய்விடும்.

மிரைடானை முதல்ல இறக்கினா ரில்லாபூம் புல்தரை போட்டு அழிச்சிடுது. என்ன பண்றது?

மிரைடான் இறங்கியதும் அதன் ஹேட்ரான் எஞ்சின் திறன் மின்தரையைப் போடும், ரில்லாபூமின் திறன் புல்தரையைப் போடும். இரண்டும் ஒன்றாக இறங்கும்போது வேகமானதன் திறன் முதலில் இயங்கும், மெதுவானது அதன் மேல் தன்னுடையதைப் போடும். மிரைடானின் அடிப்படை வேகம் 135, ரில்லாபூமுக்கு 85. ஆக வழக்கமாக ரில்லாபூமின் தரைதான் நிற்கும். நஷ்டம் தூக்கக் காவலோடு முடிவதில்லை: ஹேட்ரான் எஞ்சின் தரும் சிறப்புத் தாக்குதலின் மூன்றில் ஒரு பங்கு கூடுதலும், மின் அடிகளின் 1.3 மடங்கும் சேர்ந்தே போகும்.

அதனால் மிரைடானைப் பின்னால் வைத்து, ரில்லாபூம் களத்தில் இறங்கிய பிறகு மாற்றி உள்ளே கொண்டு வாருங்கள். ஒரே டர்னில் இருவரும் மாற்றினால், வெளியே போகிற போகிமானின் வேகம்தான் வரிசையைத் தீர்மானிக்கும், உள்ளே வருவதன் வேகம் அல்ல. ஆகவே மெதுவான ஒன்றை வெளியே எடுத்து மிரைடானை விட்டால், கடைசியாகப் போடப்படும் தரை உங்களுடையதாக இருக்க வாய்ப்பு அதிகம். ரில்லாபூம் திரும்ப வெளியேறி உள்ளே வந்தால் மறுபடி முதலிலிருந்துதான். அதை அப்படியே நிற்க விடாமல் சீக்கிரம் வீழ்த்துவது நல்லது.

ரைசிங் வோல்டேஜ் சில சமயம் பாதி அடிதான் கொடுக்குது. ஏன்?

அந்த மின் அடியின் சக்தி 70. டெரெயின் இருக்கும்போது அடி வாங்குவது தரையில் நின்றால் மட்டுமே 140 ஆகும். 1.3 மடங்கு என்பது தனிக்கணக்கு, அதற்கு அடிப்பவர் தரையில் நிற்க வேண்டும். டோர்னாடஸை அடித்தால் இந்த 1.3 மடங்கு மட்டும் கிடைக்கும். ஆறாம், ஏழாம் தலைமுறையில் அது 1.5 மடங்காக இருந்தது. 2019இல் ஸ்வோர்ட், ஷீல்டில் 1.3 ஆக்கிவிட்டார்கள். பழைய கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தால் எண் தப்பாகவே வரும்.